றோட்டைக் கணக்கில் எடுக்காத மனிதர்

எங்கள் ஒழுங்கையில் அவருக்குப் பட்டப்பெயர் 'கட்டுநாயக்கா'. முகத்துக்கு நேரே எல்லோரும் 'அண்ணை' என்போம். அவர் தலை மறைந்ததும் கட்டுநாயக்கா ஆகிவிடுவார். ஒருநாளும் விமானத்தில் ஏறியிராத மனிதருக்கு விமான நிலையத்தின் பெயரை வைத்த எங்கள் மானிப்பாய் ஊராரின் வாய் பொல்லாததுதான். ஆனாலும் ஆள் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள்.

உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும் இடையில் எவ்வளவு தூரம், பறக்க எத்தனை மணித்தியாலம் என்று அவர் யோசிக்காமல் சொல்வார். லண்டன் என்றால், "எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். பதினொரு மணித்தியாலம். நேரை பறக்கலாம்." ரொறன்ரோ என்றால் குரலே கொஞ்சம் இறங்கி மரியாதையாகும். "அது பதினாலாயிரம். நேரை இல்லை. தோஹாவிலை மாறவேணும்." ஊராரையும் அவர் இந்தக் கணக்கில்தான் வகைப்படுத்தி வைத்திருந்தார். பிள்ளைகள் ரொறன்ரோவில் இருந்தால் அந்த வீட்டுக்குப் போகும்போது மேற்சட்டை போடுவார். லண்டன், பாரிஸ் என்றால் பெனியன் போதும். மகன் கொழும்பில் வங்கியில் வேலை செய்யும் வீட்டுக்கு அவர் போய் நான் காணவில்லை. பக்கத்திலிருக்கும் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் விட்ட புதிதில் ஒழுங்கையே பெருமைப்பட்டது. அவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு மணித்தியாலச் சொச்சம். உதுவும் ஒரு பறப்போ? எங்கடை பஸ்காரன் பருத்தித்துறைக்குப் போக அதிலும் கூட நேரம் எடுப்பான்."

வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலத்தில் அவர் சந்தியில் தொலைத்தொடர்புக் கடை நடத்தினார். வெளிநாட்டுக்குக் கதைக்க வந்தவர்கள் பலகைக் கூட்டுக்குள் நின்று அழுவார்கள். அங்கே இப்போது இரவா பகலா என்று அவர்தான் சொல்லவேண்டும். பிறகு ஆளுக்கொரு கைத்தொலைபேசி வந்தது. கூடு கோழித்தீன் மூட்டை அடுக்கும் இடமாயிற்று. கடை போனாலும் அதிகாரம் போகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, நேரத்திலிருந்து தூரத்துக்குத் தாவிவிட்டார். ரொறன்ரோவில் இருக்கும் ஒரே மகன் அனுப்பிய தொலைபேசியில், பறக்கிற விமானங்கள் மஞ்சள் பூச்சி போல ஊர்ந்துபோவதைப் பார்க்கலாம். அது கைக்கு வந்தபின் அவர் நிலத்தைப் பார்த்து நடந்தது குறைவு. இரண்டு தரம் மதகில் விழுந்தார்.

அவரோடு எனக்குத் தொழில்முறையில் ஒரு கோபம் உண்டு. நான் வான் வைத்திருப்பவன். மானிப்பாயிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஆட்களை ஏற்றிப் போய், வருகிறவர்களை ஏற்றி வருவதுதான் என் பிழைப்பு. யாரை ஏற்றப் போனாலும் முன் ஆசனத்தில் அவர் இருப்பார். கூலி கேட்கமுடியாது, 'வழிகாட்டி' அல்லவா. ஆனால் அவருடைய கணக்கு ஓடுபாதையில் சில்லு தொட்டதோடு முடிந்துவிடும். அங்கிருந்து மானிப்பாய்க்கு ஏழெட்டு மணித்தியாலம் நான் ஸ்டியறிங்கைப் பிடித்துக்கொண்டு வருவது அவருடைய கணக்கில் இல்லவே இல்லை.

"அண்ணை, றோட்டும் இருக்குத்தானே?"

"றோட்டு ஒரு தூரமோ? இறங்கினா வந்த மாதிரித்தானே!"

இந்த ஒரு வசனத்தால் எங்கள் ஊரில் எத்தனை செத்தவீடு குழம்பியிருக்கிறது தெரியுமா? எங்களூரில் பிரேதம் எடுப்பது சாத்திரியார் கையில் பாதி, விமானத்தின் கையில் பாதி. வெளிநாட்டுப் பிள்ளை வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுப்பார்கள். அதுவரை உறவும் அயலும் வேலையை விட்டுவிட்டுப் பந்தலுக்குள் இருக்கவேண்டும். எங்கள் ஒழுங்கைக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. முகப்பில் பிள்ளையார் கோயில். ஒழுங்கையில் பிணம் கிடந்தால், எடுக்கும்வரை கோயிலில் பூசை இல்லை, நடை சாத்திவிடுவார்கள். ஆகவே ரொறன்ரோக்காரர் வந்து இறங்கும்வரை பிணமும் காத்திருக்கும், பிள்ளையாரும் காத்திருப்பார். எப்போது எடுப்பது என்று கோயில் தலைவர் போய்க் கேட்பது செத்தவீட்டுக்காரரிடம் அல்ல, கட்டுநாயக்காவிடம்தான்.

ஒருமுறை அடுத்த வீட்டு ஆச்சி செத்துப்போனா. மகள் மெல்பேர்னிலிருந்து வரவேண்டும். "காலமை இறங்கிவிடுவா, பின்னேரம் நாலு மணிக்கு எடுக்கலாம்" என்று இவர் சொல்லிவிட்டார். அதையே மரண அறிவித்தலிலும் போட்டுவிட்டார்கள். நான் தலையால் அடித்துக்கொண்டு வானை எடுத்துப் போனேன். விமானம் இவர் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தது. ஆனால் புத்தளத்தில் வெள்ளம் றோட்டை மூடியிருந்தது. அந்தப் பிள்ளை பின் ஆசனத்தில் இருந்து, "அண்ணை, கொஞ்சம் கெதியாப் போங்கோ" என்று சொல்லிச் சொல்லி, வவுனியா தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டாள். நாங்கள் வந்து சேர்ந்தபோது பிரேதம் எடுத்து முடிந்து, பெண்கள் வீடு கழுவிக்கொண்டு நின்றார்கள். அவள் ஈர நிலத்தில் அப்படியே இருந்துவிட்டாள்.

இவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பாத்தியே தம்பி, பிளேன் சரியான நேரத்துக்கு வந்தது. என்ரை கணக்கிலை பிழை இல்லை."

அன்றைக்கு அவருக்கு இரண்டு அறை விட்டிருக்கவேண்டும். வயதைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அவரை வாயால் அடக்கக்கூடிய ஒரே ஆள் அவருடைய மனைவி. நாங்கள் அக்கா என்போம். மெலிந்த, எதற்கும் அவசரப்படாத மனுசி. அக்கா பிட்டு அவிக்கிறா என்று வையுங்கள். இவர் குசினி வாசலில் நின்று, "நீர் ஒரு பிட்டு அவிக்கிற நேரத்திலை தோஹாவிலை இருந்து துபாய்க்குப் போயிடலாம்" என்பார்.

"போயிட்டு வாங்கோ. பிட்டை மூடி வைக்கிறன்" என்பா அக்கா.

அக்கா வாய் திறக்காத விடயம் ஒன்றே ஒன்று. மகன். சண்டைக் காலத்தில், மீசை முளைக்க முன்னம் அனுப்பிய பிள்ளை. இப்போது அவனுடைய மகளே பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடும் நடந்துவிட்டது. அங்கே பிரஜாவுரிமை, சொந்த வீடு, இரண்டு கார் எல்லாம் ஆயிற்று. போனவன் ஒருதரம்கூட வரவில்லை. முதலில் பேப்பர் இல்லை என்றான். பிறகு லீவு இல்லை, பிறகு வீட்டுக் கடன், பிறகு பிள்ளைகளின் படிப்பு. இடையில் குடும்பமாகக் கியூபாவுக்குப் போய்க் கடற்கரையில் நின்று படம் அனுப்பினார்கள். இவர் அதையும் கணக்கால் மூடினார். "ரொறன்ரோவிலை இருந்து கியூபா மூண்டரை மணித்தியாலம்தானே. அது பக்கத்து வீடு மாதிரி."

ஆனால் அந்தச் சாமத்தியவீட்டுக்குச் சேலை எடுக்க அவன் சென்னைக்கு வந்தான். வந்து ஒரு கிழமை நின்று, சேலையும் நகையும் எடுத்துக்கொண்டு, திரும்பிப் போன பிறகுதான் தொலைபேசியில் சொன்னான். பலாலிக்கு ஒரு மணித்தியாலச் சொச்சம். அதைப் பறப்பே இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. பாதி துருவிய மூடியை அப்படியே வைத்துவிட்டு எழும்பி உள்ளே போய்விட்டா. எனக்கு அந்த மகன் மீது வந்த ஆத்திரத்தை எழுதினால் அச்சில் போடமாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு இருதயம் பலவீனம் என்று தெரிந்தது. ஆசுப்பத்திரிக்கு என் வானில்தான் போய் வந்தார்கள். டொக்டர், ஒரு மாதமும் போகலாம், ஒரு வருடமும் போகலாம் என்று சொல்லிவிட்டார். வரும் வழியில் அக்கா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னா.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு எல்லா நாட்டுத் தூரமும் தெரியும். என்ரை பிள்ளையை ஒருக்கா என்னட்டைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஒரு நாள் தூரம்தானே. சொன்னா நாளைக்கு வந்திடுவான்" என்றார் அவர்.

"நாளைக்கு வாற தூரத்திலைதான் இவ்வளவு வருஷமும் இருந்தவன்" என்றா அக்கா. நான் கண்ணாடியில் பார்த்தேன். அவர் குனிந்து தொலைபேசித் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் வானை நிற்பாட்டி அக்காவை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். அவர் முற்றத்துக்கு வந்து மகனுக்கு எடுத்தார். காது கொஞ்சம் மந்தம், ஆகவே தொலைபேசி எப்போதும் ஊருக்கே கேட்கிற மாதிரித்தான் கதைக்கும். மகன் எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு, நல்ல பிள்ளை மாதிரி மெல்லமாய்ச் சொன்னான்.

"அப்பா, எனக்கு ஒருக்காத்தான் லீவு தருவாங்கள். இப்ப வந்திட்டன் எண்டால், பிறகு அம்மாவுக்கு ஏதும் நடந்தால் வரேலாது. நீங்களே யோசிச்சுச் சொல்லுங்கோ. இப்ப வரவோ, பிறகு வரவோ?"

இதைக் கேட்டு யாரும் அதிர்ச்சியடையத் தேவையில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருடைய கணக்கு இதுதான். பயணம் ஒன்றுதான் என்றால் அதை நோய் வருத்தம் பார்க்கச் செலவழிக்க மாட்டார்கள், செத்தவீட்டுக்கு என்று பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். செத்தவீட்டுக்கு வராவிட்டால் ஊர் கதைக்கும். வருத்தம் பார்க்க வராவிட்டால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். வீடியோக்காரன்கூட வருத்தம் பார்க்க வருகிறவனைப் படம் எடுப்பதில்லை.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று இவர் வைத்துவிட்டார். எத்தனையோ வீட்டுக்கு வரவும் போகவும் நேரம் குறித்துக் கொடுத்தவர், அன்று முற்றத்தில் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

மறுநாள் என்னிடம் வந்தார். "வானை ஆயத்தமா வை. மகன் வாறான்."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "அக்காவைப் பாக்கவோ?"

"ஓம், அவவைப் பாக்கத்தான்" என்றார்.

அடுத்த நாள் காலை விளக்கு வைக்கப் போன என் மனைவி திரும்பி ஓடிவந்தாள். பிள்ளையார் கோயில் நடை சாத்தியிருக்கிறது. ஏன் என்று கேட்டால், ஒழுங்கையில் செத்தவீடாம். யாருடையது என்று கேட்டால், கட்டுநாயக்காவின் மனைவியாம். கோயில் தலைவருக்கு ரொறன்ரோவிலிருந்து மரண அறிவித்தல் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. நானும் மனைவியும் அலறியடித்துக்கொண்டு ஓடினோம். படலையைத் திறந்தால், அக்கா விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறா. பக்கத்தில் தொலைபேசி அடிக்கிறது. அக்காவே எடுத்தா.

"ஹலோ, ஆர் கதைக்கிறது? ... என்ன பிள்ளை, ஏன் அழுகிறாய்? ... ஆர் செத்தது? ... நானோ?"

மற்றப் பக்கத்தில் தொலைபேசி விழுகிற சத்தம் எங்களுக்கும் கேட்டது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்காவுக்கு எனக்கு முதலே விளங்கிவிட்டது. அவர் தூணுக்குப் பின்னால் நின்றார். அதற்குள் என் தொலைபேசிக்கும் அந்த அறிவித்தல் வந்திருந்தது; அக்கா அதை வாங்கி எழுத்தெழுத்தாக வாசித்தா. 'பாசமிகு தாயார்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றா. பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தா.

"உந்தப் படத்தையோ குடுத்தவன்? அடையாள அட்டைக்கு எடுத்தது. வாய் கோணலா நிக்குது." பிறகு தூண் பக்கம் திரும்பினா. "எப்ப எடுக்கினமாம்?"

"பின்னர் அறிவிக்கப்படும் எண்டு போட்டிருக்கினம்" என்றார் அவர் மெதுவாக. அக்கா சிரிக்கத் தொடங்கினா. இருதயக்காரி இப்படிச் சிரிக்கலாமா என்று நாங்கள் பயந்துபோனோம்.

அதற்குள் ஒழுங்கை கூடிவிட்டது. வெள்ளைச் சேலையோடு வந்தவர்கள் சிலருக்கு ஏமாற்றம் முகத்தில் எழுதியிருந்தது. கோயில் தலைவர் கொதித்துக்கொண்டு வந்தார். "உயிரோடை இருக்கிற மனுசியைச் சாகடிச்சு காலமைப் பூசையை நிப்பாட்டிப் போட்டீரே! சாமிக் குற்றம் இல்லையோ?"

"உங்கடை பிள்ளையார் உலகத்தைச் சுத்தாமல் தாயைச் சுத்தினவர்தானே. அவர் கோவிக்கமாட்டார்" என்றார் இவர். பிறகு, நான் அதுவரை அவரிடம் கேட்டிராத ஒரு குரலில் சொன்னார். "அவன் வானத்திலை நிக்கிறான். தோஹாவிலை இறங்கி மாறுவான். அங்கை ஆரும் உண்மையைச் சொன்னா, அப்பிடியே திரும்பிவிடுவான். என்ரை பிள்ளை, எனக்குத் தெரியும். அதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்டும் எழுதாதேங்கோ."

தலைவருக்கும் இரண்டு பிள்ளைகள் வெளிநாட்டில். அவர் சால்வையைத் தோளில் மாற்றிப் போட்டார். "இப்ப நடையைத் திறந்தா, பெடியள் உடனை பூசையை நேரலையிலை போடுவாங்கள். அங்கை இருக்கிறவங்களுக்கு விளங்கிவிடும்." கோயில் திறப்பை மடியில் செருகினார். "திறக்கேல்லை. அவன் வந்து சேரட்டும்."

செத்தவரே இல்லாத செத்தவீட்டுக்காக எங்கள் பிள்ளையார் பட்டினி கிடந்தார். தொலைபேசி எடுத்தவர்களுக்கெல்லாம் என் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதில் சொன்னாள். அயல்வீடுகளிலிருந்து சம்பிரதாயப்படி சோறு வந்தது. அக்கா கத்தரிக்காய்க் கறியில் உப்புக் காணாது என்றா.

நானும் அவரும் கட்டுநாயக்காவுக்குப் போனோம். மகன் கறுப்புச் சட்டையும் சவரம் செய்யாத முகமுமாக வந்து தகப்பனைக் கட்டிப்பிடித்து அழுதான். இப்போது சொல்லிவிடுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. வான் புறப்பட்டது.

"அப்பா, ஐஸ் பெட்டியிலையோ வைச்சிருக்கிறியள்?"

"இல்லை. அறையிலை."

"எம்பாம் பண்ணி மருந்து ஏத்தினதோ?"

"இல்லைத் தம்பி. அப்பிடியே இருக்கிறா."

 எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று இன்றைக்கும் தெரியாது. முன் ஆசனத்தில் இருந்தவர் மடியில் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு றோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். சிலாபம் தாண்டவில்லை, புத்தளம் தாண்டவில்லை என்று ஊர்ப் பலகை ஒவ்வொன்றையும் வாசித்தார். வவுனியாவில் என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"தம்பி, உந்த றோட்டு எப்பவும் இவ்வளவு நீளமோ?"

வீட்டு வாசலில் பந்தல் இல்லை, பறை இல்லை. மகன் திகைத்துப்போய் உள்ளே நடந்தான். அக்கா தலை இழுத்து, பொட்டு வைத்து, கரைச் சேலை உடுத்துக் கட்டிலில் இருந்தா.

"சாப்பிட்டியோ தம்பி?"

அவன் நின்ற இடத்தில் முழங்காலில் விழுந்தான். தாயின் மடியில் முகத்தை வைத்து அவன் அழுத அழுகையில் அவன் மீது எனக்கிருந்த ஆத்திரமெல்லாம் இல்லாமற் போயிற்று. ஆனால் அழுது முடிந்ததும் எழும்பித் தகப்பனைப் பார்த்தான். ரொறன்ரோ திரும்பி வந்துவிட்டது.

"என்ன வேலை பாத்தியள் அப்பா? என்ரை லீவு முடிஞ்சுது. இனி அம்மாவுக்கு உண்மையா ஏதும் நடந்தால் என்னாலை வரேலாது, தெரியுமோ?"

 பதில் சொன்னது அக்காதான், அவனுடைய கையை விடாமல்.

"வராட்டில் என்னடா. அப்ப நான் உன்னோடை கதைக்கமாட்டன்தானே."

பத்து நாள் நின்றான். தாயை இருத்தித் தண்ணீர் வார்த்துக் குளிப்பாட்டினான், நகம் வெட்டிவிட்டான், விறாந்தையில் பக்கத்தில் இருந்து வாய் ஓயாமல் கதைத்தான். இரண்டாம் நாள் தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான். பிள்ளையாருக்கு ஒரு பெரிய அபிஷேகம் செய்து கொடுத்தான். மறுப்பு அறிவித்தல் போடவேண்டும் என்று ரொறன்ரோவிலிருந்து சொந்தக்காரர் கரைச்சல் கொடுத்தார்கள். அக்கா வேண்டாம் என்றுவிட்டா. எப்படியும் ஒருநாள் சரிவரப்போகிற செய்திதானே என்றா.

சரிவர ஏழெட்டு மாதம் சென்றது. ஒருநாள் பின்னேரம், விறாந்தைக் கதிரையிலேயே போய்விட்டா. இந்தமுறை உண்மைதானா என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் கோயில் தலைவர் நடையைச் சாத்தினார். சாத்திவிட்டு, வழக்கம்போல அவரிடம் வந்தார். கொள்ளி வைக்க, மகன் முறையான ஒரு பெறாமகன் இருக்கிறான் என்று நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம்.

"மகன்ரை பிளேன் எத்தினை மணிக்காம்? எப்ப எடுக்கிறது?"

அவர் அக்காவின் காலடியில் இருந்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்குக் காலமை எடுப்பம். மகன் வந்திட்டுப் போயிட்டான்."